தொண்ணூறும் நாற்பத்தைந்தும்

வெள்ளிக் கடைகள் வரிசையாக இருக்கிற அந்தத் தெருவில் அவரைத் தொண்ணூறு என்றுதான் சொல்வார்கள். வயசு தொண்ணூறு என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷருக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் பழைய வெள்ளிச் சாமான் வாங்கி விற்கிறவர், தெருவிலேயே பெரிய கை. ஒரு பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் குத்தியிருக்கிற முத்திரையைப் பார்த்து, இது கெட்டி வெள்ளி, இது வெறும் முலாம் என்று சொன்னால் சொன்னதுதான். அப்பேர்ப்பட்டவருடைய மருமகனுக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததற்குக் காரணம் வேறு யாருமில்லை, மருமகனுடைய அதிகப்பிரசங்கித்தனம்தான்.

கல்யாணம் ஆன புதிது. மாமனார் மதியம் சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் மாப்பிள்ளை காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மாள் மரப்பெட்டி நிறையக் கரண்டியும் முள்கரண்டியும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு காம்பின் பின்னாலும் செய்தவனுடைய குறி, பக்கத்தில் 90 என்று ஒரு எண்.

மாப்பிள்ளைக்குக் கணக்கு என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் கணக்குக்காகப் பரிசு வாங்கின கதையைப் பெண் பார்க்க வந்தபோதே இரண்டு தடவை சொன்னவர். கடைக்கு வந்த சில நாளிலேயே அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. 925 என்று குத்தியிருந்தால் ஆயிரம் பங்கில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி. 800 என்றால் எண்ணூறு பங்கு. இரண்டுமே கெட்டி வெள்ளி. அப்படியானால் 90? நூற்றுக்குத் தொண்ணூறு! இதற்கு ஒரு பரிசு வாங்கின மூளை வேண்டுமா என்ன? பெட்டியை அப்படியே வெள்ளி விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டார். போதாக்குறைக்கு அந்த அம்மாளை உட்கார வைத்துப் பின்னக் கணக்கு வேறு சொல்லிக் கொடுத்து அனுப்பினார். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

மாமனார் வந்தார். ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

"ஆயிரத்துக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடுற தொழில்ல, ஒருத்தன் மட்டும் திடீர்னு நூத்துக்கு எவ்வளவுன்னு எதுக்குப் போடப் போறான்?" என்றார். "இது முலாம் பூசின கரண்டி. ரெண்டு டஜனுக்கு மொத்தமா தொண்ணூறு கிராம் வெள்ளி முலாமுக்குச் செலவாச்சுன்னு எழுதியிருக்கான். பாவம், அவன் யோக்கியமாத்தான் எழுதியிருக்கான். சரி, போங்க தொண்ணூறு, போய்ச் சாப்பிடுங்க."

கடை வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றிருந்த எதிர்க்கடைக்காரர் காதில் இது விழுந்துவிட்டது. அவர் காதில் விழுந்தால் தெரு முழுக்க விழுந்த மாதிரி. கடை அடைக்கிற நேரத்துக்குள் மாப்பிள்ளை தொண்ணூறு ஆகிவிட்டார்.

மறுநாளிலிருந்து அவருக்குக் கல்லா இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கிற பட்டறைதான். அங்கே ஒரு முலாம் தொட்டி, தீ ஊதுகிற பர்னர், மெருகு போடும் சக்கரம், சுவரெல்லாம் கரி. ஒடிந்த கைப்பிடியை ஒட்டுவது, மங்கின பாத்திரத்துக்கு முலாம் போடுவது, கறுத்ததைத் தேய்ப்பது என்று காலம் ஓடியது. மனுஷர் உள்ளே போனாரே தவிர அவருடைய வாய் உள்ளே போகவில்லை. அங்கிருந்தபடியே முன்கடையில் நடக்கிற பேச்சுக்கெல்லாம் பதில் கொடுப்பார். அவர் மனைவிதான் கல்லாவைப் பார்த்துக்கொண்டாள். அப்பாவுடைய மகள், வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்பே என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். "என்னங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன், வியாபாரம் நடக்குது" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

பெயர் அவருக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் உறுத்துகிறது என்று காட்டிக்கொண்டால் தெரு இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரிந்து, கூப்பிட்டால் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பார். அப்படியே பழகியும் போயிருக்கும். மகள்தான் அதைக் கெடுத்தாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"அப்பா, தொண்ணூறுல பாதி எவ்வளவு?"

தொண்ணூறுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாப்பத்தஞ்சு! என்ன கண்ணு, இதுகூடத் தெரியாதா?"

"தெரியும்பா. அதுதான் என் பேராம்."

எதிர்க்கடைக்காரர் வேடிக்கையாகச் சொன்னாராம். அதைக் கேட்ட பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்களாம். தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் "நாப்பத்தஞ்சு, ஏ நாப்பத்தஞ்சு" என்று பின்னாலேயே கூவிக்கொண்டு வந்தார்களாம். அவள் அழவில்லை. அவர் கையிலிருந்த சாமானைச் சக்கரத்தில் கொடுத்தபடியே நின்றார். அது தேய்ந்துகொண்டே போனது அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் விஷயம் மாமனார் காதுக்குப் போயிற்று. "பரவாயில்லையே, தெருவுல எவனோ கணக்குத் தெரிஞ்சவன் இருக்கான்" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். பேத்தி சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மனைவி தண்ணீர்ச் செம்பை நங்கென்று வைத்து, "அப்பா, அவ உங்க பேத்தி" என்றாள். கிழவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நிறுத்தி என்ன பிரயோசனம்? தொண்ணூறு பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டார்.

"எனக்கு வச்ச பேரு என்னோட போகட்டும்" என்றார் பிறகு மனைவியிடம். "நான் பண்ணின முட்டாள்தனத்துக்கு நான் சுமக்கறேன். என் பொண்ணு எதுக்குச் சுமக்கணும்? அந்தப் பேரை நான் எடுத்துக் காட்டறேன் பாரு."

"நீங்க எடுக்க முடியாதுங்க" என்றாள் அவள், துணியை மடித்தபடி. "வச்சவருதான் எடுக்கணும். எங்கப்பா ஒரு தடவை சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கி நான் பார்த்ததில்லை."

அவள் சொன்னது பொய்யில்லை. கிழவர் தன் வார்த்தையைத் திருப்பி வாங்கியதே கிடையாது, தொழிலிலும் சரி. அந்தத் தெருவில் ஒரு வழக்கம். பெரிய சாமான் ஏதாவது வந்து, வாங்கலாமா கூடாதா என்று சந்தேகமாக இருந்தால், வியாபாரிகள் சங்க மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து வைப்பார்கள். கிழவர் லென்ஸை எடுத்து முத்திரையைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் லென்ஸை அதன் தோல் பைக்குள் போட்டு மூடுவார். அவ்வளவுதான், தீர்ப்பு ஆயிற்று. லென்ஸ் பைக்குள் போன பிறகு அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. தெரு முழுவதும் அந்த வார்த்தையை நம்பி வாங்கும், விற்கும். அது ஒரு தடவை பொய்த்தாலும் வெளியில் தலை காட்ட முடியாது. இதுவரை பொய்த்ததில்லை.

தொண்ணூறுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அது பட்டறையில் வந்த வழக்கம். பழுதுக்கு வருகிற பாத்திரத்தில் ஏற்கெனவே யாராவது எங்காவது பற்றவைத்திருப்பார்கள். அது தெரியாமல் தீயைக் காட்டினால் பழைய ஒட்டு இளகிக் கழன்று விழும். ஒரு தடவை டீ கெட்டிலின் மூக்கு கழன்று அவர் கால் மேலேயே விழுந்திருக்கிறது. அதிலிருந்து எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறவர்கள் செய்வதுபோல, வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதுவார். வெள்ளி மேல் ஆவி படியும். ஒட்டு இருந்தால், ஆவி கலைகிற அந்த நொடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்து மறையும். தெளிவாகத் தெரிகிறவரை ஊதிக்கொண்டே இருப்பார். வீட்டில் சாப்பிடுகிற ஸ்பூனையும் ஊதிவிட்டுத்தான் வாயில் வைப்பார், கை அப்படிப் பழகிவிட்டது. "தொண்ணூறு பாத்திரத்துக்கெல்லாம் முத்தம் குடுக்குது, வீட்டம்மாவுக்கு மிச்சம் இருக்கா கேளுங்க" என்பார் எதிர்க்கடைக்காரர். மனைவி அதற்கு ஒரு முறை முறைப்பாள், அவர் உடனே தன் கடைப் படியேறிவிடுவார்.

அந்த நாளும் வந்தது. வந்தவர் வெளியூர் ஆசாமி. தேய்த்து மடித்த சட்டை, பளபளக்கும் செருப்பு, பத்தடிக்கு முன்னாலேயே வந்து சேருகிற சென்ட் வாசனை. சென்ட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். வெல்வெட் துணியை விலக்கி அவர் மண்டபத்து மேசையில் வைத்த ஜக்கைப் பார்த்ததும், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய ஜக். வயிறு முழுக்கக் கொடியும் இலையும், வளைந்த கைப்பிடி, மேலே குமிழ் வைத்த மூடி. மூன்று தலைமுறையாக வீட்டில் இருக்கிறதாம். மனசே இல்லாமல் கொடுக்கிறாராம். சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கிழவர் ஜக்கைச் சாய்த்து லென்ஸை வைத்தார். அடியில் சிங்கம், கெட்டி வெள்ளிக்குக் குத்துகிற முத்திரை. பக்கத்தில் செய்தவனுடைய குறி. அதற்குப் பக்கத்தில், எந்த வருஷம் செய்தது என்று காட்டுகிற எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்ததும் கிழவர் லென்ஸை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார்.

"இது... இது அந்த எழுத்தாச்சே!"

மண்டபத்தில் எல்லோருக்கும் புரிந்தது. ஏதோ ஒரு வருஷம் அந்த முத்திரை கொஞ்ச நாள்தான் புழக்கத்தில் இருந்ததாம். அந்த எழுத்து குத்திய சாமான் கிடைப்பது அபூர்வம். சின்னதாக ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன், பெரிதாக ஒன்றைக் கண் மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று கிழவர் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட காதுகள் உள்ளூரில் மட்டுமா இருந்திருக்கும்?

"உங்களைத் தவிர இந்த எழுத்தை வாசிக்க ஆள் இல்லைன்னு சொன்னாங்க ஐயா. அதான் நேரா இங்க வந்தேன்" என்றார் சென்ட்டுக்காரர்.

கிழவர் குளிர்ந்து போய்விட்டார். லென்ஸை எடுப்பதும் வைப்பதும், அந்த எழுத்தின் வால் எப்படி வளையும் என்று காற்றில் வரைந்து காட்டுவதுமாக ஆள் இருபது வயசு குறைந்துவிட்டார். முத்திரையில் சொட்டை சொல்ல ஒன்றும் இல்லை. சிங்கம் நிஜச் சிங்கம், எழுத்து நிஜ எழுத்து. இது கெட்டி வெள்ளி என்று சொல்லி, ஜக்கைத் துடைத்து நடு மேசையில் வைக்கச் சொல்லித் தன் பின்னால் துணியோடு நின்ற மருமகனிடம் நீட்டினார். ஒரு கையில் லென்ஸ், இன்னொரு கையில் தோல் பை. ஆனால் பேச்சுதான் முடியவில்லை, எழுத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தொண்ணூறு ஜக்கை வாங்கினார். கவிழ்த்தார். கை வழக்கப்படி, 'ஹா'.

ஆவி படிந்து கலைந்தது. கலைகிறபோது, அந்த முத்திரைகளைச் சுற்றி ஒரு கோடு. ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் ஒடுங்கியும், நாலு பக்கமும் மூடிய கோடு.

கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மறுபடி ஊதினார். மறுபடி வந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. எவனோ ஒருத்தன் அந்த எழுத்து குத்தின பழைய கெட்டி வெள்ளி ஸ்பூன் ஒன்றைப் பிடித்து, காம்பில் முத்திரை இருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து, முலாம் ஜக்கின் அடியில் பதித்து ஒட்டியிருக்கிறான். முத்திரை நிஜம். ஜக் பொய். முத்திரையை வாசிக்கத் தெரியாதவன்கூட இதில் தப்பித்துப் போவான். நன்றாக வாசிக்கத் தெரிந்தவன்தான் விழுவான். இந்தக் கண்ணி கிழவருக்கென்றே அளவெடுத்துச் செய்தது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பானேன்? விழட்டும் என்று நினைத்தார். இத்தனை வருஷம் என்னைச் சொன்னார் இல்லையா, லென்ஸ் பைக்குள் போகட்டும், அப்புறம் எழுந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறேன், பெயர் வைக்கிற ஆளுக்கு இன்றைக்கு நான் ஒரு பெயர் வைக்கிறேன். நிமிர்ந்து பார்த்தார். மாமனார் காற்றில் எழுத்தை வரைந்துகொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. முன் வரிசையில் மனைவி, அப்பாவையே பார்த்துப் புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். கிழவர் கதையை முடித்துவிட்டார். லென்ஸ் பையின் வாய்க்குப் போயிற்று.

தான் கண்டது தப்பாக இருந்தால்? மகள் கல்யாணமாகிப் போகிற ஊருக்கும் நாற்பத்தைந்து கூடவே போகும்.

"மாமா! லென்ஸை உள்ள வைக்காதீங்க!"

மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எதிர்க்கடைக்காரர், "அடடா, தொண்ணூறு தீர்ப்பு சொல்லப் போகுதுப்பா, எல்லாரும் உக்காருங்க" என்றார். சிரிப்பு கூரையைத் தொட்டது. சென்ட்டுக்காரரும் சிரித்தார், ஆனால் மற்றவர்கள் ஆரம்பித்த பிறகுதான்.

கிழவருடைய முகம் சிவந்துவிட்டது. "என்ன இது? எங்க வந்து என்ன பேசறதுன்னு இல்லையா?"

எப்போதும் ஒன்று கேட்டால் ஒன்பது பேசுகிற மனுஷர் அன்று வாதாடவில்லை. ஜக்கைக் கொண்டுபோய் மாமனார் கையில் கவிழ்த்துக் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்லல மாமா. நீங்களே ஒரு தடவை ஊதிப் பாருங்க. லென்ஸ் வேண்டாம், வெறும் கண்ணே போதும்" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

கிழவர் அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே ஊதினார். குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை ஊதினார். முதுகு மெதுவாகக் கூனிக்கொண்டு போனது.

அந்தக் கோட்டை அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. கிழவர் நினைத்திருந்தால், மருமகன் உளறுகிறான் என்று சொல்லி லென்ஸைப் பைக்குள் போட்டிருக்கலாம். இத்தனை வருஷத்துப் பெயர் அப்படியே நின்றிருக்கும்.

"இது என்ன?" என்றார் கிழவர், உதடு அசையாமல்.

"ஸ்பூன் காம்பு மாமா."

"நிச்சயமா?"

"அளந்தே காட்டறேன்."

கிழவர் நிமிர்ந்தார். "எல்லாரும் கிட்ட வாங்க" என்றார் உரத்த குரலில்.

பக்கத்து மேசையில் விற்பனைக்குப் பரப்பியிருந்த பழைய கெட்டி வெள்ளி ஸ்பூன்களில் ஒன்றைத் தொண்ணூறு எடுத்தார். காம்பின் பின்னால் முத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருந்தன. ஜக்கின் அடியிலும் அதே மாதிரி வரிசை. கிழவர் ஊத, ஆவி கலைய, கோடு தெரிந்த அந்த நொடியில் தொண்ணூறு ஸ்பூனைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தார். காம்பு எங்கே அகலமோ அங்கே கோடும் அகலம். எங்கே ஒடுங்குகிறதோ அங்கே கோடும் ஒடுங்கியது. வெட்டித் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு 'அட!' எழுந்தது.

"அது ஒண்ணுமில்லீங்க" என்றார் சென்ட்டுக்காரர். "அடி ஒரு தடவை நசுங்கிப் போச்சு, பழுது பார்த்தோம்."

அதுவரை கட்டிப்போட்டிருந்த வாயைத் தொண்ணூறு அப்போதுதான் அவிழ்த்துவிட்டார். "ஓகோ, பழுதா! அடி முழுக்க நசுங்கினப்போ முத்திரை மட்டும் நசுங்காமத் தப்பிச்சுதா? அதை மட்டும் அழகாக் கழட்டி வச்சுட்டு, புது அடி போட்டு, மறுபடி எடுத்து ஒட்டினீங்களா? சரி சார், மூடிக்கு என்ன ஆச்சு? கெட்டி வெள்ளி ஜக்குன்னா கழட்டற மூடிக்கும் தனியா முத்திரை குத்துவாங்க. இந்த மூடியில உள்ள பார்த்தாலும் ஒண்ணும் இல்ல, வெளிய பார்த்தாலும் ஒண்ணும் இல்ல. மூணு தலைமுறையா வீட்டுல இருந்துச்சே, ஒருத்தராவது மூடியைத் திறந்து பார்க்கலையா? தண்ணி எப்படி ஊத்தினீங்க?"

சென்ட்டுக்காரர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"அரம்" என்றார் கிழவர். யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். அவரே வாங்கி, அடி வளையத்தின் உட்புறத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளைக்குக் கீழே மஞ்சளாகப் பித்தளை பல்லைக் காட்டியது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. சென்ட்டுக்காரர் வெல்வெட் துணியை எடுத்து ஜக்கைச் சுற்றப் போனார். தொண்ணூறுடைய மனைவி எழுந்து குறுக்கே நின்றாள்.

"நீங்க தாராளமாப் போலாம் சார். இது இங்கயே இருக்கட்டும். அடுத்த தெருவுல இன்னொருத்தரை அழ வைக்க வேண்டாம்."

துணியோடு மட்டும் அந்த ஆள் வெளியே போனார். வாசனை கொஞ்ச நேரம் மண்டபத்திலேயே இருந்தது, அப்புறம் அதுவும் போயிற்று.

கிழவர் உட்காரவில்லை. லென்ஸ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, பை வாயைத் திறந்தபடி மேசையில் கிடந்தது.

"நான் இன்னைக்கு உங்க எல்லாரையும் கவிழ்க்க இருந்தேன்" என்றார். "அந்த எழுத்தைப் பார்த்த சந்தோஷத்துல பாத்திரத்தைப் பார்க்க மறந்துட்டேன். பார்த்தது என் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை. கல்யாணப் பந்தலில் கூப்பிட்டதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைத் தொண்ணூறு கேட்டதே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கத் துணியைத் தூக்கினார், அதில் மெருகுப் பொடி இருந்து கண் இன்னும் எரிந்தது.

"அவருக்கு ஒரு பேரு வச்சது நான்தான்" என்றார் கிழவர். "நீங்க யாரும் இல்ல, நான். அது என் பேத்தி வரைக்கும் போச்சு, அப்பவும் சிரிச்சேன். வச்சவன் இப்போ எடுத்துக்கறேன். இனிமே இந்தத் தெருவுல அந்தப் பேரு என் காதுல விழக்கூடாது."

பிறகு லென்ஸை மருமகனிடம் நீட்டினார். "மாப்பிள்ளை, நீங்க வைங்க."

மருமகன் லென்ஸை வாங்கினார். அது அவர் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. "முலாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி, லென்ஸைப் பைக்குள் போட்டு மூடினார். தீர்ப்பு ஆயிற்று. மண்டபம் கைதட்டின சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும்.

"அப்போ தொண்ணூறு போச்சு!" என்று கத்தினார். "இனிமே இவரு தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு! கெட்டி வெள்ளிய்யா!"

பேர் இல்லாமல் அந்தத் தெருவால் ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது, என்ன செய்வது? ஆனால் இந்தப் பெயர் கூடவே நடந்து வந்தபோது மாப்பிள்ளையின் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னாலேயே போயிற்று. கடைப் படிகளில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள், தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு, வணக்கம் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு. ஒவ்வொருவருக்கும் நின்று ஜக்கின் கதையை முதலிலிருந்து சொன்னார். மனைவி முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். பின்னால் வந்த மாமனார் தடுக்கவில்லை. கதையில் தான் வருகிற இடம் வந்தபோதுகூட, "ஆமா, நான்தான் ஏமாந்தேன்" என்று எடுத்துக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். சேதி அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, யோசனையாக இருந்தாள். அதைப் பார்த்த அவர், இவ்வளவும் செய்து இவளுக்கு ஒன்றும் மாறவில்லையோ என்று பயந்தார்.

"அப்பா, உங்களை இனிமே தொள்ளாயிரத்து இருபத்தஞ்சுன்னுதான் சொல்வாங்களாமே?"

"ஆமா கண்ணு."

"நான் போட்டுப் பார்த்துட்டேன்பா. அதுல பாதி நானூத்தி அறுபத்திரெண்டரை." விரலை மடக்கி மறுபடி ஒரு தடவை சரி பார்த்துக்கொண்டாள். பிறகுதான் முகமெல்லாம் சிரிப்பாக விரிந்தது. "அதை முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் வீட்டுக்கே வந்துடுவேன். இனிமே ஒருத்தனும் கூப்பிட மாட்டான்!"

முதலில் சிரித்தது கிழவர். இந்தத் தடவை பேத்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மாப்பிள்ளை அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வயசுக்கு அவள் வளர்ந்த பெண், கால் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அப்படியே தெருவுக்கு இறங்கி, எதிர்க்கடை வாசலில் ஒரு தடவை நடந்துவிட்டு வந்தார்.